சட்டாம்பிள்ளையும் ரோபோக் குழுவும்

நம் காலனிப் பிள்ளைகள் பயிலும் பள்ளி ஒன்றில் மூன்றாண்டுகளுக்கு முன் நிகழ்ந்ததொன்றைக் கூறித் தொடங்குகிறேன். அப்பள்ளியில் ரோபோக் குழு ஒன்று இருந்தது. பன்னிரண்டாம் வகுப்பு மாணவர் நால்வர், தரையில் வரைந்த கருங்கோட்டைத் தானே பற்றிச் செல்லும் சிறு வண்டி ஒன்றை அமைத்துப் போட்டியில் பரிசும் பெற்றனர். தேர்வு முடிந்ததும் நால்வரும் நான்கு ஊர்க் கல்லூரிகளுக்குச் சென்றனர். புதிய கல்வியாண்டில் அலமாரியைத் திறந்தபோது வண்டி இருந்தது, ஓடவில்லை. எந்த மின்கம்பி எங்கே சேரவேண்டும் என்று அறிந்தவர் எவரும் இல்லை. அதற்கு எழுதிய நிரலோ, மூத்த மாணவர் ஒருவருடைய மடிக்கணினியோடு ஊர் போய்ச் சேர்ந்திருந்தது. குழுவில் இளையோர் இல்லாமற் போகவில்லை. இரண்டாண்டுகளும் அவர்கள் திருப்புளி எடுத்துக் கொடுத்தார்கள், போட்டியன்று கை தட்டினார்கள், அவ்வளவே.

கருவிகளுக்குக் குறைவில்லை. 2016-ஆம் ஆண்டில் தொடங்கிய அடல் புத்தாக்கத் திட்டத்தின்கீழ், ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை பயில்வோர்க்கென, பள்ளி ஒன்றுக்கு 20 இலட்சம் ரூபாய் வரை நல்கி ஆய்வுக்கூடங்கள் அமைக்கப்பெற்றன. பொருள் கொடுத்து வாங்க இயலாதது, மூத்தோர் கையிலிருந்து இளையோர் கைக்கு வித்தை இறங்கும் வழி. அவ்வழியின் சரித்திரத்தில் நம் நாட்டுக்குப் பெரும்பங்கு உண்டு.

1623-ஆம் ஆண்டில் பியெத்ரோ தெல்லா வல்லே என்னும் இத்தாலியப் பயணி கன்னட நாட்டில் இக்கேரியை நோக்கிச் சென்றபோது, கோயில் முகப்பொன்றில் நான்கு சிறுவர் ஆசிரியரின்றிக் கணக்குப் பயில்வதைக் கண்டார். ஒருவன் இசையோடு கூற, ஏனையோர் அதனையே பாடிக்கொண்டு மணலில் விரலால் எழுதினர். ஐயம் வந்தால் திருத்துவார் யார் என்று அவர் வினவினார். நால்வருக்கும் ஒரே பொழுதில் மறதி வருவதில்லை என்பதே அவர்கள் விடையின் கருத்து. நம் பள்ளியிலோ நால்வரும் ஒரே பொழுதில் போய்விட்டனர்!

தமிழ்நாட்டுத் திண்ணைப் பள்ளிகளில் இம்முறைக்குச் சட்டாம்பிள்ளை என்றே ஒரு பதவி இருந்தது. மேற்பாடம் கற்கும் மாணவன் கீழ்ப்பாடக்காரர்க்கு நெடுங்கணக்கும் எண்சுவடியும் சொல்லிக்கொடுப்பான். அவன் முன்னே சொல்ல, மற்றவர் பின்னே சொல்வர். அவனுக்குப் பலகாரம் கொடுத்துப் பிரம்படிக்குத் தப்பிய கதைகளை நம் பாட்டனார் காலத்தவர் சொல்லக் கேட்டிருக்கிறோம். அது கிடக்க. சென்னை மாகாணத்துக் கவர்னர் மன்றோ, தாம் நடத்திய விசாரணையின்படி 12,498 பள்ளிகள் இருந்தன என்று 1826-இல் குறித்தார். முன்னரே, 1823-இல், பல்லாரி ஜில்லாக் கலெக்டர் காம்பெல், முற்படக் கற்றவர் பிற்பட வந்தவர்க்குக் கற்பிக்கும் முறையை வியந்து, அதனால் கற்பிப்பவன் கல்வியும் உறுதிப்படுகின்றது என்று எழுதினார்.

அதற்குள் இம்முறை கப்பலேறிச் சென்றுவிட்டது. கொண்டு சென்றவர் ஆண்ட்ரூ பெல் என்னும் ஸ்காத்லாந்துப் பாதிரியார். சென்ட்ரலில் இறங்கித் தென்னாட்டு வண்டிக்காக மூட்டை முடிச்சுகளோடு நாம் விரைகிறோமே, அந்த எழும்பூரில்தான் 1789-இல் போர்வீரர்களின் ஆண்பிள்ளைகளுக்கான அநாதை விடுதி ஒன்றை அவர் ஊதியமின்றி ஏற்று நடத்தினார். ஒரு நாள் காலை, மலபார்ப் பள்ளி ஒன்றில் பிள்ளைகள் மணலில் எழுதக் கண்டார். (அந்நாளைய சென்னை ஆங்கிலேயர் தமிழரையும் மலபாரிகள் என்றே வழங்கினர்.) தம் பள்ளியிலும் அவ்வாறே செய்யுமாறு கூறியபோது உதவியாசிரியர்கள் இயலாது என்றனர். பெல் அவர்களோடு வாதாடவில்லை. எட்டு வயதுச் சிறுவன் ஜான் பிரிஸ்கன் என்பவனை அழைத்து அரிச்சுவடி வகுப்பை ஒப்புவித்தார். பெரியவர்களால் இயலாதென்ற காரியம் அவனால் நடந்தது.

பின்னர்ப் பெல் தம் வகுப்பு மாணவர்களை இருவர் இருவராகச் சேர்த்தார். தேர்ந்தவன் அருகில் தேராதவன் அமர்வான். 1797-இல் இலண்டனில் இதனை நூலாக வெளியிட்டார். மணலெழுத்து மலபார்ப் பள்ளியில் கண்டது என்று ஒப்புக்கொண்டவர், மாணவர் மாணவர்க்குக் கற்பிக்கும் முறையைத் தம் கண்டுபிடிப்பாகவே கொண்டார். சட்டாம்பிள்ளையை அவர் பாராது இருந்திருப்பாரா என்பது என் ஐயம். எனினும் அம்முறைக்குச் 'சென்னை முறை' என்ற பெயர் நிலைத்தது. அவர் விட்டுச்சென்ற பொருளால் எழுந்த பள்ளி செயின்ட் ஆண்ட்ரூஸ் நகரில் இன்றும் மதராஸ் கல்லூரி என்னும் பெயரோடு விளங்குகின்றது.

இங்கிலாந்தில் இம்முறை சில பத்தாண்டுகள் கொடிகட்டிப் பறந்து, பின் சரிந்தது. ஜோசப் லங்காஸ்டர் என்பாரும் ஏறத்தாழ இதே முறையைப் பரப்பினார். ஓர் ஆசிரியர், நூற்றுக்கணக்கான பிள்ளைகள், இடையே பத்துப் பேருக்கொரு சட்டாம்பிள்ளை. செலவோ மிகக் குறைவு. செலவு குறைவு என்பதே அதற்குக் கேடாயிற்று. காலையில் தான் கேட்டதை அப்படியே ஒப்பித்த சிறுவன், அதற்கு மேல் ஒரு கேள்வி எழுந்தால் விழித்தான். பிறர்க்குச் சொல்லிக்கொண்டிருந்தவனுக்குச் சொல்லித்தருவார் இல்லை. இக்குறையைக் கண்டே 1846-இல் மாணவ-ஆசிரியர் திட்டம் கொணர்ந்தனர்: 13 வயதுப் பிள்ளைகள் ஐந்தாண்டுகள் சிறு உதவித்தொகையோடு கற்பிப்பர், தலைமையாசிரியர் நாள்தோறும் வகுப்பு நேரத்துக்குப் புறம்பே அவர்களுக்குத் தனியே பாடம் நடத்துதல் வேண்டும். திண்ணைச் சட்டாம்பிள்ளைக்கோ மேற்பாடம் என்றும் நின்றதில்லை. கீழ்வகுப்புக்குச் சொல்லிவிட்டு, தன் ஏட்டோடு ஆசிரியர் முன் நிற்கவேண்டியவனே அவன்.

பள்ளிக்குத் திரும்புவோம். பழைய வண்டியை முற்றும் பிரித்து மீண்டும் பூட்டுவதிலேயே அவ்வாண்டு கழிந்தது, போட்டிக்குச் செல்லவில்லை. பெற்றோருள் சிலர்க்கு அது வருத்தமே. என் வீட்டிலும் முணுமுணுப்பு எழுந்தது. இப்பொழுது சனிக்கிழமை மாலைகளில் பதினோராம் வகுப்பு மாணவி ஒருத்தி எட்டாம் வகுப்பு மாணவன் பக்கத்தில் கைகளைப் பின்னே கட்டிக்கொண்டு அமர்கிறாள். கருவியைத் தொடக்கூடாது, வாயால் மட்டுமே சொல்லலாம் என்பது அவர்களே வகுத்துக்கொண்ட விதி. அவன் மின்கம்பியை மாற்றிப் பூட்டும்போது அவள் படும் பாடு காணத்தக்கது. அவளுக்கும் பாடம் உண்டு. காலனியில் வாழும் பொறியாளர் ஒருவர் ஞாயிறுதோறும் மோட்டார்களின் கணக்கை மூத்தவர்க்கு மட்டும் நடத்துகிறார். நிரல்கள் யாவும் ஒரு குறிப்பேட்டில் கையால் எழுதப்பெற்றுப் பள்ளியிலேயே இருக்கின்றன. சென்ற மார்ச்சில் பன்னிரண்டாம் வகுப்பினர் விடைபெற்றபோது அலமாரிச் சாவி ஒன்பதாம் வகுப்பு மாணவன் கைக்கு வந்தது. குறிப்பேட்டின் அடுத்த பக்கத்தை எழுதுகிறவள் ஆறாம் வகுப்புச் சிறுமி. எழுத்துப்பிழை சற்று மிகுதி.