வேதாரண்ய உப்புப் பயணமும் அதன் மீள்நடிப்பும்

கடந்தகால நிகழ்ச்சியொன்றை மக்கள் தாமே மீண்டும் நடித்துக் காட்டும்போது எது எஞ்சுகிறது, எது விடுபடுகிறது என்பது ஆராயத்தக்கது. ஆண்டுதோறும் ஏப்ரல் திங்களில் திருச்சிராப்பள்ளியிலிருந்து ஒரு குழு புறப்பட்டு, 30ஆம் நாள் வேதாரண்யத்தை அடுத்த அகத்தியம்பள்ளியில் உப்பு அள்ளுகிறது. 1930இல் இராசாசி தலைமையில் நிகழ்ந்த உப்புச் சத்தியாக்கிரகத்தின் நினைவு அது.

அன்று உப்பு வரி மணங்குக்கு 1 ரூபாய் 4 அணா. செல்வரும் கூலியாளும் ஏறத்தாழ ஒரே அளவு உப்பையே உண்பதால் வரியின் சுமை ஏழைமீதே மிகுந்தது. கோப்பெங் வட்டார மாணவர்க்கு இதனை உள்ளூர் வரலாற்றைக் கொண்டே விளக்கலாம். பத்தொன்பதாம் நூற்றாண்டில் பேராக்கின் ஈயச் சுரங்க ஊர்களில் அபினி, சாராயம், சூதாட்டம் ஆகியவற்றின் வரிவசூல் உரிமை குத்தகைக்கு விடப்பட்டது. சுரங்கத் தொழிலாளியின் கைக்காசு அவ்வழியே அரசின் வருவாயாயிற்று. எனினும் அபினியை விட்டொழிக்க முயலலாம். உப்பை விட முடியுமா?

1930 ஏப்ரல் 13 அன்று, சித்திரைப் புத்தாண்டை ஒட்டி, ஏறத்தாழ நூறு தொண்டர்கள் மருத்துவர் தி. சே. சௌ. இராசன் இல்லத்திலிருந்து புறப்பட்டனர். தஞ்சாவூர், கும்பகோணம், மன்னார்குடி, திருத்துறைப்பூண்டி வழியாக ஏறக்குறைய 150 மைல் நடந்து 28ஆம் நாள் வேதாரண்யம் அடைந்தனர். நாமக்கல் கவிஞர் இயற்றிய பாடல் வழிநடைக்குத் துணையாயிற்று. 30ஆம் நாள் உப்பெடுத்த இராசாசி கைதானார்.

பாடநூல்கள் பெரும்பாலும் இவ்வளவோடு நின்றுவிடுகின்றன. நம் கருத்தில், இதன் உயிர்நிலை உப்பளத்தில் இல்லை, வழியில் இருக்கிறது. தொண்டர்க்கு உணவோ இடமோ தருவோர் ஆறு திங்கள் சிறைக்கு உள்ளாவர் எனத் தஞ்சை ஆட்சியர் தார்ன் அறிவித்தார். விருந்தோம்பலை இல்லறக் கடமையாகப் போற்றிய காவிரி நாட்டில் சோறிடுவது குற்றமாயிற்று! மக்கள் உணவுப் பொட்டலங்களை மரக்கிளைகளில் கட்டித் தொங்கவிட்டு ஒதுங்கிக்கொண்டனர். கும்பகோணத்துப் பந்துலு ஐயரோ வெளிப்படையாகவே இடமளித்துச் சிறை சென்றார்.

இன்றைய பயணிகளை ஊர்தோறும் மாலையிட்டு வரவேற்பது இயல்பு. ஆனால் அவ்வரவேற்பே அன்று தண்டனைக்குரியது. உப்பள்ளும் கையை நடிப்பது எளிது. அடுப்பெரித்துவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்ட பெயரறியா வீட்டாரின் அச்சத்தை எவ்வாறு நடிப்பது? பள்ளி மேடைகளில் இந்நிகழ்ச்சியை அரங்கேற்றும் ஆசிரியர்கள் இராசாசி வேடத்திற்கு ஒருவரைத் தேடுவதற்குமுன் அம்மரத்தையும் பொட்டலத்தையும் மேடையில் வைத்துப் பார்க்கலாம்.

நடிப்பதற்கென்றே அமைந்ததுபோன்ற காட்சியும் ஒன்று உண்டு. வேதாரண்யத்து முடிதிருத்துநர் வைரப்பன், தாம் சவரம் செய்துகொண்டிருந்தவர் காவலர் என்று தெரிந்ததும் பாதியிலேயே கத்தியை நிறுத்தினார். எஞ்சியதை முடிக்குமாறு நீதிமன்றத்தில் கூறப்பட்டபோதும் அவர் இசையவில்லை, சிறையை ஏற்றார். அவருக்கு வேதாரண்யத்தில் இன்று நினைவுச்சின்னம் உள்ளது.