பூஞ்சைக்குள் ஒரு சிவப்பு வளையம்



வெங்காயத் தோலை உரித்து, சாஃப்ரனின் ஒரு சொட்டு விட்டு, வரிசையில் நிற்க வைத்து உங்களுக்கு மைக்ராஸ்கோப்பில் காட்டினேனே, நினைவிருக்கிறதா? அன்று ஒன்றைச் சொல்லாமல் விட்டேன். சாயம் ஏறி நாம் பார்த்த செல்கள் பெரும்பாலும் செத்தவை. செத்த வீட்டில் சுவர் தெரியும். வாசலில் யார் வந்தார், யார் போனார் என்பது தெரியாது.

உயிரோடிருக்கும் செல்லில் அந்தப் போக்குவரத்தைப் பார்க்க ஈஸ்ட் கைகொடுத்தது. 1985இல் ஹோவர்ட் ரீஸ்மன், லூசிஃபர் எல்லோ என்ற ஒளிரும் சாயத்தை ஈஸ்ட் இருந்த நீரில் கலந்தார். அது செல்லுக்குள் போய் வாக்குவோலில் சேர்ந்தது. சேர்ந்த இடம் தெரிந்தது. வந்த வழி தெரியவில்லை.

வழியைக் காட்டியது எஃப்.எம். 4-64. அதே வகைச் சாயம் ஒன்றைத் தவளையின் நரம்பு முனையில் 1992இலேயே பயன்படுத்தியிருந்தார்கள். ஈஸ்ட்டுக்கு இதைக் கொண்டுவந்தவர்கள் டாம் வைடாவும் ஸ்காட் எம்ரும், 1995இல். இதன் குணம் அழகானது. தண்ணீரில் இருக்கும்வரை ஒளி அநேகமாக இல்லை. சவ்வின் கொழுப்பில் ஒட்டியதும் சிவப்பாக ஒளிரும். மின்னேற்றம் இருப்பதால் சவ்வைத் துளைத்துப் போகாது. சவ்வே குழிந்து சிறு பையாக உள்ளே போனால்தான் கூடப் போகும். பனிக்கட்டிக் குளிரில் வைத்தால் செல்லின் விளிம்பு மட்டும் ஒளிரும். சூடாக்கினால் உள்ளே புள்ளிகள் தோன்றும். ஒரு மணி நேரத்துக்குள் வாக்குவோலைச் சுற்றிச் சிவப்பு வளையம்!

இழையாக வளரும் பூஞ்சைகளில்தான் வழக்கு வந்தது. எடின்பரோவில் நிக் ரீட் குழுவினர் 2000இல் இதே சாயத்தை இட்டார்கள். 1924இலேயே புருன்ஸ்விக் இழையின் நுனியில் கண்டிருந்த திரள்கூட ஒளிர்ந்தது. ஆனால் 2002இல் கனடாவின் டொரால்பாவும் ஹீத்தும் நியூரோஸ்போராவைச் சோதித்து, அங்கே சவ்வு உள்ளே குழிவதாகவே தெரியவில்லை என்று எழுதினார்கள். எனக்கு அது வீம்பாகப் படவில்லை. இழைக்குள் காற்றடித்த டயர் போல அழுத்தம். அதை எதிர்த்துச் சவ்வு உள்ளே குழிவது லேசா? சாயம் வேறு வழியில் நுழைந்திருந்தால்? சாட்சி ஒன்றுதான் என்றால் குறுக்கு விசாரணை வேண்டும்தானே.

அடுத்த சாட்சி 2008இல் வந்தது. உபாத்யாயும் ஷாவும் ஆஸ்பர்ஜில்லஸ் பூஞ்சையில் ஃபிம்பிரின் என்ற புரதத்தை ஒளிரச் செய்தார்கள். சவ்வு குழியும் இடங்கள் நுனிக்குச் சற்றுப் பின்னால் கழுத்துப்பட்டை போல வரிசையாகத் தெரிந்தன. ஃபிம்பிரின் இல்லாத பூஞ்சையில் சாயம் உள்ளே போகத் தாமதித்தது, வளர்ச்சியும் தடுமாறியது.