திருநெல்வேலி நிலவாகையும் அதன் வேதிச் சான்றும்

மலச்சிக்கல் மாத்திரைகளிலும் மூலிகைத் தேநீர்ப் பைகளிலும் உலகெங்கும் சேர்க்கப்படும் நிலவாகைக்கு மருந்துச் சந்தையில் இரண்டு ஊர்ப் பெயர்கள் உண்டு. ஒன்று அலெக்சாந்திரியா, மற்றொன்று திருநெல்வேலி, ஆங்கிலேயர் வழக்கில் டின்னவெல்லி. முதலாவது சூடானிலும் நைல் ஆற்றுப் பகுதியிலும் விளைவது. கப்பலேறிய துறைமுகத்தின் பெயர் அதற்கு நிலைத்துவிட்டது. இரண்டாவது, அரேபியப் பகுதியிலிருந்து வந்து தென்தமிழகத்தின் மானாவாரி நிலங்களில் ஊன்றிய பயிர். தூத்துக்குடி, ராமநாதபுரம், விருதுநகர் மாவட்டங்களில் விளைந்து தூத்துக்குடி வழியாக வெளிநாடு செல்கிறது. இன்று அதே செடி ராஜஸ்தானின் ஜோத்பூர் பகுதியிலும் குஜராத்தின் கச்சிலும் பயிராகிறது. மூட்டையின் மேல் எழுதிய ஊர்ப் பெயரை எதைக்கொண்டு சரிபார்ப்பது? வேதிப் பகுப்பாய்வால் அது முடியும். ஆனால் இலையின் மருந்துப் பொருளை மட்டும் அளந்து முடியாது என்பதே இக்கட்டுரையின் வாதம்.

நிலவாகையின் பேதித் தன்மைக்குக் காரணமான சென்னோசைடு ஏ, பி ஆகியவற்றை 1941இல் சுவிட்சர்லாந்தில் ஆர்தர் ஸ்டோலும் அவருடைய குழுவினரும் பிரித்தெடுத்தனர். மெல்லடுக்குத் தகட்டில் இலைச்சாற்றை ஓடவிட்டு, நைட்ரிக் அமிலம் தெளித்து 120 டிகிரியில் சூடாக்கி, பொட்டாசியம் ஹைட்ராக்சைடு கலந்த ஆல்கஹாலைத் தெளித்தால் அவை பழுப்புச் சிவப்பாகத் தெரியும். ஐரோப்பிய மருந்தியல் ஏடு நெடுங்காலம் அலெக்சாந்திரியக் காய்க்கு 3.4 விழுக்காடும் திருநெல்வேலிக் காய்க்கு 2.2 விழுக்காடும் குறைந்தபட்ச அளவாக வைத்திருந்தது. இந்த எண்களைப் பார்த்து, அளவு கூடினால் அலெக்சாந்திரியா, குறைந்தால் திருநெல்வேலி என்று முடிவுகட்டத் தோன்றும். அது தவறு. இலை, காய் ஆகியவற்றின் முதிர்ச்சியும் பறித்த பருவமும் அந்த அளவைக் கூட்டவும் குறைக்கவும் செய்யும். அந்த எண் சரக்கின் தரத்தைச் சொல்லும். விளைந்த ஊரைச் சொல்லாது.

இதைவிட உறுதியான சான்று 1981இல் கிடைத்தது. பெல்ஜியத்தைச் சேர்ந்த லெம்லியும் அவருடன் பணியாற்றியவர்களும் இரு சரக்குகளிலும் உள்ள நாப்தலீன் கிளைக்கோசைடுகளை ஆராய்ந்தபோது, அலெக்சாந்திரிய வகையில் 6-ஹைட்ராக்சிமியூசிசின் குளுக்கோசைடும், திருநெல்வேலி வகையில் வேறொரு சேர்மமும் இருப்பதைக் கண்டனர். அந்த வேறு சேர்மத்தின் பெயரே டின்னவெல்லின் குளுக்கோசைடு. ஒரு மாவட்டத்தின் பெயரை ஒரு மூலக்கூறு சுமப்பது அரிது. தாவரவியலார் இன்று இரண்டையும் ஒரே சிற்றினமாகக் கருதினாலும், கலப்படத்தைக் கண்டறிய இந்த இணை நல்ல கருவி.

ஆனாலும் அது காட்டுவது வம்சத்தைத்தான். விதை ஜோத்பூருக்குப் போனால் டின்னவெல்லினும் கூடவே போகும். தென்தமிழக இலையையும் ராஜஸ்தான் இலையையும் பிரிக்க அது உதவாது.

உலர்களமும் தன் பங்குக்குக் குறுக்கிடுகிறது. செடியில் இருக்கும் பச்சை இலையில் சென்னோசைடு அதிகம் இருப்பதில்லை; தனித்தனி ஆந்த்ரோன் கிளைக்கோசைடுகளே இருக்கின்றன. பறித்த இலை மெல்ல உலரும்போதுதான் நொதிகளின் செயலால் அவை இரண்டிரண்டாக இணைந்து சென்னோசைடாகின்றன. பச்சை இலையை உறைநிலையில் உலர்த்தினால் இந்த மாற்றம் தடைபடும். ஆகவே ஒரே ஊரில் நிழலில் பரப்பிக் கிளறிவிட்டவரின் இலையும், வெயிலில் குவித்துப் போட்டவரின் இலையும் ஆய்வுக்கூடத்தில் இரு வேறு ஊர்ச் சரக்குகளைப் போலத் தெரியலாம். வட்டாரங்களை ஒப்பிடும் ஆய்வுகள் உலர்த்திய முறையைப் பதிவு செய்யாமல் விடுவது பெரிய குறை.

பிரான்சின் மோன்பெல்லியேவுக்கு வடக்கே உள்ள சான்-மார்த்தான்-த-லோந்தர் பள்ளத்தாக்கில் வளரும் தைம் செடி வம்சமா இடமா என்ற சிக்கலை வேறொரு பக்கத்திலிருந்து காட்டுகிறது. சில கிலோமீட்டருக்குள்ளேயே அதன் எண்ணெயின் வேதி வகை மாறுகிறது. குளிர் தேங்கும் தாழ்நிலத்தில் ஒரு வகை, வெப்பமான சரிவில் தைமால் போன்ற ஃபீனால் நிறைந்த வகை. வகையைத் தீர்மானிப்பது மரபணு. எந்த வகை எங்கே பிழைக்கும் என்பதைத் தீர்மானிப்பது இடத்தின் குளிர். அங்கே வம்சமும் இடமும் பின்னிக் கிடக்கின்றன. நிலவாகையிலோ விதையை மனிதர் எடுத்துச் செல்வதால் இரண்டும் பிரிந்துபோகின்றன.

இடத்தைக் கேட்க வேண்டுமானால் மண்ணையும் மழையையும்தான் கேட்க வேண்டும். ஸ்ட்ரான்சியம் 87க்கும் 86க்கும் உள்ள விகிதம் பாறையின் வகையையும் வயதையும் பொறுத்தது. வேர் அதை ஏறக்குறைய அப்படியே உறிஞ்சிக்கொள்கிறது. மழைநீரிலுள்ள ஆக்சிஜன், ஹைட்ரஜன் ஐசோடோப்புகளின் விகிதமும் இடத்துக்கு இடம், பருவத்துக்குப் பருவம் மாறும். தென்மாவட்டப் பயிர் பெரிதும் வடகிழக்குப் பருவமழையை நம்பியது. ராஜஸ்தானுக்குத் தென்மேற்குப் பருவமழை. இந்த வேறுபாட்டின் சுவடை இலையில் தேடுவது நியாயமான எதிர்பார்ப்பு. உரமும் இலைமேல் படிந்த தூசியும் கணக்கைக் கெடுக்கும் என்பதால் கழுவிய இலையோடு வயல் மண்ணையும் சேர்த்தே அளக்க வேண்டும்.

சென்னோசைடு போதிய அளவு இருந்தால் ஊர் எதுவானால் என்ன என்று கேட்பவர்கள் உண்டு. மருந்து உட்கொள்பவரைப் பொறுத்தவரை அந்தக் கேள்வியில் நியாயம் இருக்கிறது. ஆனால் அந்தப் பெயரின் மதிப்பை வானம் பார்த்த பூமியில் பாடுபட்டு உருவாக்கியவர்கள் தென்மாவட்ட உழவர்கள். அதைச் சோதிக்க வழியில்லாமல் விட்டால் அவர்கள் உழைப்பின் பெயரை யாரும் ஒட்டிக்கொள்ளலாம்.

கிடங்கிலிருந்து வாங்கிய சில மாதிரிகளை, பல அளவீடுகளைச் சில அச்சுகளாகச் சுருக்கும் முதன்மைக் கூறுப் பகுப்பாய்வில் இட்டு, வரைபடத்தில் இரு கூட்டங்கள் தெரிந்ததும் வட்டாரம் பிரிந்துவிட்டது என்று எழுதுவது போதாது. புள்ளிகள் குறைவாகவும் அளவீடுகள் மிகுதியாகவும் இருந்தால் தற்செயலாகக்கூடக் கூட்டங்கள் உருவாகும். ஒரே விதைக்கூட்டத்தைத் தூத்துக்குடி மாவட்டத்து விளாத்திகுளத்திலும் ஜோத்பூரிலும் விதைத்து, ஒரே வளர்ச்சி நிலையில் பறித்து, ஒரே முறையில் உலர்த்தி, பல பருவங்களுக்கு அளக்க வேண்டும். பிறகு, கணக்கில் சேர்க்காத வயல்களின் இலையை ஊர் சொல்லாமல் கொடுத்து, முறை சரியாக அடையாளம் காண்கிறதா என்று பார்க்க வேண்டும்.