ஃபிளாஷுக்குப் பின்னும் பிழைத்த பாடங்கள்

இணைய உலாவியிலேயே பாடத்தை எழுதி, அதில் வினாடி வினா, காணொளி, இழுத்துப் பொருத்தும் பயிற்சி போன்றவற்றைச் சேர்க்க உதவும் மென்பொருள்கள் பாட ஆக்கக் கருவிகள் எனப்படும். நிரல் எழுதத் தெரியாத ஆசிரியரும் ஊடாடும் பாடங்களை உருவாக்கலாம் என்பதே இவற்றின் பயன்.

இத்துறையில் முதலில் வேரூன்றியவை விலைக்கு விற்கப்பட்ட மென்பொருள்களே. 1990களில் மேக்ரோமீடியா நிறுவனத்தின் ஆத்தர்வேர் பெரும் செல்வாக்குடன் இருந்தது. 2005இல் மேக்ரோமீடியாவை வாங்கிய அடோபி, 2007இல் ஆத்தர்வேரைக் கைவிட்டது. அதன் மூலநிரல் மூடப்பட்டிருந்ததால் வேறு எவரும் அதைத் தொடர்ந்து வளர்க்க முடியவில்லை.

நியூசிலாந்தில் ஆக்லாந்து பல்கலைக்கழகம் முன்னின்று அரசு நிதியில் உருவாக்கிய எக்ஸிலேர்னிங் வேறு கதை. ஆசிரியரின் கணினிக்குள்ளேயே சிறு வழங்கியை இயக்கி, ஃபயர்பாக்ஸ் வழியே பாடத்தைத் தொகுக்க வைத்தது இக்கருவி. இணைய இணைப்பு தேவையில்லை. அங்கு வளர்ச்சிப் பணி தேங்கியபோது, எசுப்பானியாவின் கல்வி அமைப்புகள் மூலநிரலை எடுத்து வளர்த்தன. இன்று அந்நாட்டுப் பள்ளி ஆசிரியர்களிடையே அது பரவலாகப் புழங்குகிறது. திறந்த உரிமம் இதற்கு வழிவிட்டது. ஆனால் எடுத்து வளர்க்க ஆள் வராமல் போயிருந்தால் உரிமம் மட்டும் எதையும் காப்பாற்றியிருக்காது.

பெருஞ்சோதனை ஃபிளாஷ் வடிவில் வந்தது. அசைவும் ஒலியும் கொண்ட பாடங்களில் பெரும்பகுதி அந்தச் செருகுநிரலையே நம்பியிருந்தது. ஐபோனும் 2010இல் வந்த ஐபேடும் அதை ஏற்கவில்லை. 2017இல் முடிவை அறிவித்த அடோபி, 2020 திசம்பர் 31இல் ஆதரவை நிறுத்தியது. 2021 சனவரி 12 முதல் ஃபிளாஷ் இயக்கியே உள்ளடக்கத்தை ஓடவிடாமல் தடுத்தது. ஆசிரியர்கள் ஆண்டுக்கணக்கில் உழைத்துச் செய்த பாடங்கள் வெற்றுப் பெட்டிகளாயின.

இங்கிலாந்தின் நாட்டிங்காம் பல்கலைக்கழகத்தில் பிறந்த செர்ட்டியும் ஃபிளாஷில் எழுந்ததே. எனினும் அதன் இணையவழிக் கருவி ஆசிரியர் எழுதியவற்றை எக்ஸ்எம்எல் கோப்பாகத் தனியே வைத்தது. ஃபிளாஷ் அக்கோப்பைப் படித்துத் திரையில் காட்டும் வேலையை மட்டுமே செய்தது. ஆகவே எச்டிஎம்எல்5இல் புதிய காட்டியை எழுதியதும், பழைய பாடங்கள் பலவற்றை அதே கோப்பிலிருந்தே மீண்டும் திறக்க முடிந்தது. பாடத்தினுள் ஆசிரியர்கள் பதித்திருந்த ஃபிளாஷ் கோப்புகளுக்கு மட்டும் இந்த வழி உதவவில்லை.

2013இல் நார்வேயின் திரோம்சோ நகரிலிருந்து எச்5பி வந்தது. உயர்நிலைப் பள்ளிகளுக்குத் திறந்த கல்வி வளங்களை அளிக்கும் என்டிஎல்ஏ அமைப்பின் நிதியுதவியுடன் ஜூபெல் என்னும் சிறு நிறுவனம் அதை உருவாக்கியது. பாடத்தின் தரவும் படங்களும், எந்தெந்த நிரல்கள் வேண்டும் என்ற பட்டியலும் ஒரே சுருக்கக் கோப்பில் அடங்கும். ஓரிடத்தில் செய்த பயிற்சியைப் பதிவிறக்கி வேறொரு தளத்தில் ஏற்றலாம், மற்றோர் ஆசிரியர் அதைத் திருத்தவும் செய்யலாம். வேர்ட்பிரசு, துருபால், மூடில் ஆகியவற்றுக்குச் செருகுநிரல்கள் வந்தன. 2019இல் மூடில் 3.8 பதிப்பு எச்5பியைத் தன்னுள்ளேயே சேர்த்துக்கொண்டது.

2024இல் எச்5பியின் பின்னிருந்த நிறுவனத்தைக் கனடாவின் டி2எல் வாங்கியது. ஆத்தர்வேருக்கு நேர்ந்ததே இதற்கும் நேருமோ என்ற ஐயம் இயல்பானது. ஆனால் எச்5பியின் மூலநிரல் ஏற்கெனவே திறந்த உரிமங்களில் வெளிவந்துவிட்டது. வெளியான பதிப்புகளுக்கு அளித்த அந்த உரிமையை எந்த உரிமையாளராலும் திரும்பப் பெற இயலாது.