பட்டறைக்குள் வந்த கரன்ட்

1888-ல் கோயம்புத்தூரில் முதல் பஞ்சாலை எழுந்தபோது அதன் எந்திரங்கள் இங்கிலாந்திலிருந்து கப்பலேறி வந்தன. பல் சக்கரம் உடைந்தால், அடுத்த கப்பல் வரும்வரை ஆலை சும்மா கிடக்க முடியுமா? உள்ளூர்க் கைகள் பழுது பார்க்கப் பழகின. 1926-ல் பீளமேட்டில் பி.எஸ்.ஜி. தொழிற்பயிலகம் தொடங்கியதும் அந்தக் கைப்பழக்கத்துக்கு முறையான பயிற்சி கிடைத்தது.

1932-ல் நீலகிரியின் பைக்காரா நீர்மின் நிலையம் ஓடத் தொடங்கியது. மலையிறங்கி வந்த கரன்ட் ஆலைக்கும் போனது, கிணற்றுக்கும் போனது. மழை குறைந்த கொங்கு மண்ணில் மாடு பூட்டிக் கவலை இறைத்த உழவர்கள் மோட்டார் பம்பைத் தேடினார்கள். 1937-ல் கோவைத் தொழில்முனைவோரான ஜி.டி.நாயுடுவும் டி.பாலசுந்தரம் நாயுடுவும் மின்மோட்டாரை உள்ளூரிலேயே செய்து காட்டினார்கள்.

பிறகு தெருவெங்கும் பட்டறைகள். ஓரிடத்தில் வார்ப்படம், அடுத்த தெருவில் கடைசல், வேறொரு கூரையின் கீழ் வைண்டிங். ஒரு பம்பு இத்தனை வாசல் ஏறி இறங்கித்தான் முழுமையாகும். அப்படிப் பார்த்தால் கோவையின் கணபதி, ஆவாரம்பாளையம் பகுதிகள் தெருக்களில் விரிந்து கிடந்த ஒரே தொழிற்சாலைதான். சரக்கு ஓடிக்கொண்டே இருந்தது. ஆனால் அது எங்கே நிற்கிறது, எப்போது முடியும் என்ற தகவலுக்கு ஆள்தான் அலைய வேண்டும்.

தனித்தனியே முடியாததைச் சிறு முதலாளிகள் சேர்ந்து செய்தார்கள். 1969-ல் கொடிசியா என்ற சிறுதொழில் சங்கம் உருவானது. பம்புகளைச் சோதித்துச் சான்று தர 'சிட்டார்க்' ஆய்வுக்கூடம் வந்தது. ஒவ்வொரு பட்டறையும் சொந்தமாகச் சோதனைக்கூடம் கட்டவேண்டிய சுமை குறைந்தது.

2011-ல் ஜெர்மனியின் ஹனோவர் கண்காட்சியில் 'இண்டஸ்ட்ரி 4.0' என்ற பெயர் அறிமுகமானது. தகவலுக்கு ஆள் அலையாமல், எந்திரங்களே தம் நிலையைச் சொல்லும் ஆலை என்பது அதன் கரு. அதற்காகப் பழைய லேத்தை விற்க வேண்டியதில்லை. மின்கம்பியைச் சுற்றி மாட்டும் சிறு சென்சார் போதும். லேத் எத்தனை மணி நேரம் ஓடியது, எவ்வளவு நேரம் சும்மா நின்றது என்று தெரிந்துவிடும். அதிர்வை அளக்கும் இன்னொன்று, பேரிங் தேய்வதை உடையும் முன்பே சொல்லும்.

சென்சாரை மாட்டிவிடலாம், அது தரும் எண்களைப் படிக்க ஆள்? முதலாளியே கணக்கரும் மேஸ்திரியுமாக இருக்கும் இடத்தில் தனி இன்ஜினியருக்குச் சம்பளம் கட்டுப்படியாகாது. 2022-ல் தமிழ்நாடு அரசின் டிட்கோ நிறுவனம், சீமென்ஸுடன் சேர்ந்து சென்னையில் 'டான்சாம்' என்ற நவீன உற்பத்திப் பயிற்சி மையத்தைத் தொடங்கியது நல்ல முயற்சி. அத்தகைய பயிற்சி கணபதியின் லேத் வரிசைக்கே வரவேண்டும். பம்புச் சோதனையைப் பொதுவாக்கிக் காட்டிய ஊர் இது. எண்களைப் படித்துச் சொல்லும் ஓர் இன்ஜினியரைப் பத்துப் பட்டறைகள் பொதுவில் வைத்துக்கொள்ள இங்கே வழி உண்டு.