திர்ஹம் போன தூரம்

உமய்யா கலீஃபாக்கள் காலத்துத் திர்ஹம் ஒன்றைக் கையில் வாங்கினால் கனமே தெரியாது. எடை 3 கிராமுக்குக் கொஞ்சம் குறைவு, அகலம் இரண்டரை சென்டிமீட்டருக்குச் சற்று மேல். தகடாக மெலிந்த வெள்ளி. அதில் அரசன் தலை கிடையாது, சிங்கம் கிடையாது, தேவதை கிடையாது. இரண்டு பக்கமும் கூஃபி என்ற பழைய அரபி எழுத்து மட்டும்தான். முன்பக்க நடுவில் மூன்று வரிகளில் கலிமாவின் முதல் பகுதி. அதைச் சுற்றி விளிம்பில், இறைவன் பெயரால் இந்தத் திர்ஹம் இன்ன ஊரில் இன்ன ஆண்டில் அடிக்கப்பட்டது என்ற வாசகம். ஆண்டு எண்ணால் அல்ல, எழுத்தால் எழுதப்பட்டிருக்கும். பின்பக்க நடுவில் இஃக்லாஸ் சூராவின் வாசகங்கள், விளிம்பில் தவ்பா சூராவின் 33ஆம் வசனம். கலீஃபாவின் பெயர்கூட இல்லை.

இந்தச் சின்ன வெள்ளித் துண்டை நான் பெரிய சாட்சியாக மதிப்பதற்குக் காரணம் உண்டு. நபிகள் நாயகத்தின் வாழ்க்கையை எழுதிய இப்னு இஸ்ஹாக் இறந்தது 767 வாக்கில். அவருடைய நூல் நமக்குக் கிடைப்பது 833 வாக்கில் மறைந்த இப்னு ஹிஷாம் சுருக்கித் தந்த வடிவத்தில். பெரிய வரலாற்றாசிரியர் தபரீ மறைந்தது 923இல். இவர்கள் எல்லோரும் முந்தைய தலைமுறைகள் சொன்னதைக் கேட்டுத் தொகுத்தவர்கள். அவர்கள் உழைப்புக்கு ஈடே இல்லை. ஆனால் நாணயம் அந்தந்த ஆண்டிலேயே, அந்தந்த ஊரிலேயே எழுதப்பட்டது. பிறகு யாரும் கைவைத்துத் திருத்தவில்லை.

இஸ்லாம் தோன்றிய காலத்து மக்காவில் காசு அடிக்கும் அக்கசாலை இல்லை. வணிகர்கள் கையில் புழங்கியது பைசாந்தியப் பொன்னும் பாரசீக வெள்ளியும்தான். திருக்குர்ஆனில் தீனாரும் வருகிறது, திர்ஹமும் வருகிறது. யூசுஃப் நபியைச் சொற்பத் திர்ஹம்களுக்கு விற்றார்கள் என்று அவர் பெயரால் அமைந்த சூரா சொல்கிறது. ஜகாத் கடமையாகும் அளவு வெள்ளியில் 200 திர்ஹம், பொன்னில் 20 தீனார் என்று மார்க்கச் சட்டம் வகுத்ததும் இந்த வெளியூர்க் காசுகளை வைத்துத்தான்.

பிறகு ஈராக்கும் ஈரானும் முஸ்லிம் படைகளிடம் விழுந்தன. பாரசீகத்தின் கடைசி சாசானிய மன்னர் மூன்றாம் யஸ்த்கர்த் 651இல் மெர்வ் அருகே கொல்லப்பட்டார். அங்கே இருந்த அக்கசாலைகளைப் புதிய ஆட்சியாளர்கள் மூடவில்லை. அதே தொழிலாளிகள், அதே அச்சு, அதே படம். ஒரு பக்கம் சிறகு முளைத்த மகுடத்தோடு சாசானிய மன்னர் குஸ்ரூவின் முகம், மறுபக்கம் இரு காவலர் நடுவே எரியும் அக்கினி பீடம். விளிம்பில் மட்டும் அரபியில் ‘பிஸ்மில்லாஹ்’ என்று பொடியாகச் சேர்த்தார்கள். ஆளுநரின் அரபிப் பெயர் பாரசீகரின் பஹ்லவி எழுத்தில் வந்தது. ஸியாத் என்ற முஸ்லிம் ஆளுநரின் பெயர் நெருப்பை வணங்கிய மன்னரின் முகத்துக்குப் பக்கத்தில் இருக்கும்.

இதைப் பார்த்துப் புதிய மதத்துக்கு இன்னும் உருவமே வரவில்லை என்று சிலர் முடிவு கட்டுகிறார்கள். எனக்கு அது சரியாகப் படவில்லை. கலீஃபா உமர் காலத்திலேயே படைவீரர்களின் பெயரைப் பதிவேட்டில் ஏற்றிப் படிப்பணம் கொடுக்கும் முறை வந்துவிட்டது. ஆண்டுதோறும் அத்தனை பேருக்கும் வெள்ளி எண்ணித் தர வேண்டும். வரி கட்டும் குடியானவரும், காசு மாற்றும் வணிகரும், சம்பளம் வாங்கும் வீரரும் பழகிய காசைத்தான் நம்புவார்கள். அந்த நம்பிக்கையைக் குலைக்காமல் ஆண்டவர்கள் ஆட்சி தெரிந்தவர்கள். மெல்ல மெல்லத்தான் வாசகம் நீண்டது. ஈரானில் பிஷாபூரில் ஹிஜ்ரி 66இல், அதாவது 685-86இல் அடித்த காசில் முஹம்மது இறைவனின் தூதர் என்ற வாசகம் இருக்கிறது. அப்போதும் நடுவில் பாரசீக மன்னர் முகம்தான்.

அந்த முகத்தை எடுத்தவர் கலீஃபா அப்துல் மலிக். அவர் பதவிக்கு வந்த 685இல் முஸ்லிம் உலகம் இரண்டாகப் பிளந்து கிடந்தது. மக்காவில் இப்னு ஸுபைர் தம்மைக் கலீஃபா என்றார், ஈராக் அவர் பக்கம் இருந்தது. 692இல் மக்கா வீழ்ந்து போர் முடிந்தது. ஜெருசலேமின் பாறைக் குவிமாடத்தில் எழுதியிருக்கும் ஆண்டு ஹிஜ்ரி 72. அந்தக் கட்டடத்தின் உட்புறத்தில் இறைவசனங்களைப் பொறித்த அதே மனம்தான் காசையும் தொட்டது. உடனே தொடவில்லை. முதலில் பொற்காசில் வாளைப் பிடித்து நிற்கும் கலீஃபாவின் உருவத்தைப் போட்டுப் பார்த்தார்கள். அது நாலைந்து ஆண்டுக்குமேல் நிலைக்கவில்லை. ஹிஜ்ரி 77இல் (696-97) எழுத்து மட்டுமே கொண்ட தீனார் வந்தது. இரண்டே ஆண்டில், ஹிஜ்ரி 79இல், திர்ஹமும் முழுக்க எழுத்தாக மாறியது.

பைசாந்தியப் பேரரசரோடு மூண்ட சச்சரவே இதற்கு வித்து என்று வரலாற்றாசிரியர் பலாதுரீ ஒரு கதை எழுதிவைத்திருக்கிறார். எகிப்திலிருந்து போன பாப்பிரஸ் தாள்களின் தலைப்பில் இஸ்லாமிய வாசகம் இருந்ததாம். அதற்குப் பதிலாக எங்கள் பொற்காசில் உங்கள் நபியை இழித்து எழுதுவோம் என்று பேரரசர் மிரட்டினாராம். கதை எப்படி இருந்தாலும், அடுத்தவர் அச்சை நம்பிக் கஜானா நடத்த முடியாது என்ற உண்மை அதற்குள் இருக்கிறது.

எடையையும் அப்துல் மலிக் கறாராக நிர்ணயித்தார். தீனார் 4.25 கிராம். ஏழு தீனாரின் எடைதான் பத்துத் திர்ஹத்தின் எடை. அப்படிக் கணக்குப் போட்டால் ஒரு திர்ஹம் 2.97 கிராம் வரும். பழைய பாரசீகக் காசைவிட இது இலேசு, ஆனால் கணக்கு சுத்தம். எகிப்தில் காசுகளைச் சரிபார்க்கக் கண்ணாடியிலேயே எடைக்கற்கள் வார்த்தார்கள். கண்ணாடியைச் சுரண்டி ஏமாற்ற முடியாது, சுரண்டினால் உடனே தெரிந்துவிடும். ஈராக் ஆளுநர் ஹஜ்ஜாஜ் தாம் எழுப்பிய வாஸித் நகரில் அக்கசாலையைக் கொண்டுவந்து வைத்துக் கண்காணித்தார். பக்திமான்கள் சிலருக்கு மட்டும் மனம் ஒப்பவில்லை. இறைவசனம் பொறித்த காசை, தொழுகைக்கு முன் கைகால் கழுவும் ஒளூ இல்லாதவர்களும் தொடுவார்களே என்று வருந்தினார்கள்.

அடிக்கும் முறை எளியது. வட்டமாக வெட்டிய வெள்ளித் தகட்டைப் பட்டறையில் பதித்த கீழ் அச்சின்மேல் வைப்பார்கள். மேல் அச்சைக் கையால் பிடித்துச் சம்மட்டியால் ஓங்கி ஓர் அடி. அச்சில் எழுத்தை வலமிடமாக மாற்றிச் செதுக்கியிருக்க வேண்டும். விளிம்பில் ஊசி முனை அளவு எழுத்தில் ஒரு முழு வசனத்தை இப்படித் திருப்பிச் செதுக்கியவர்களின் பெயர் நமக்குப் பெரும்பாலும் தெரியாது. அவர்களைப் போன்ற கைத்திறனாளர்கள் வரலாற்றில் பெயரின்றி நிற்பது எனக்கு எப்போதும் வருத்தம் தருவது.

அப்பாசியர் வந்தார்கள், 762இல் பாக்தாத் எழுந்தது. காசில் அந்த நகரத்தின் பெயர் மதீனத்துஸ் ஸலாம். கலீஃபாவின் பெயரும் பிறகு காசில் ஏறியது. வெள்ளியோ பெரும்பாலும் கிழக்கிலிருந்து வந்தது. இன்றைய ஆப்கானிஸ்தானின் பஞ்ச்ஷீர் மலைகளிலும், தாஷ்கண்டுக்குப் பக்கத்திலுள்ள ஈலாக் மலைகளிலும் சுரங்கங்கள் இருந்தன. புகாராவைத் தலைநகராக வைத்து ஆண்ட சாமானியர்கள் சமர்கந்திலும் ஷாஷ் என்ற தாஷ்கண்டிலும் திர்ஹம்களை அடித்துத் தள்ளினார்கள். அவர்கள் காசுதான் உலகம் சுற்றப் புறப்பட்டது.

அது போன வழியில் ஒருவர் பயணம் செய்து நமக்காக எழுதிவைத்தார். 921இல் கலீஃபா முக்ததிர் வோல்கா நதிக்கரைப் பல்கார் அரசரிடம் ஒரு தூதுக்குழுவை அனுப்பினார். அதில் போனவர் இப்னு ஃபள்லான். புகாராவில் சாமானிய அமீர் நஸ்ரை தாடி முளைக்காத பையனாகப் பார்த்தார். அங்கே கலப்பு உலோகத்தில் ஒரு மட்டக்காசு புழங்குவதையும் குறித்துக்கொண்டார். வெளியூர் போனதோ நல்ல வெள்ளி. குவாரிஸ்மில் குளிர்காலத்தைக் கழித்து, 922 மே மாதம் பல்கார் நாட்டை அடைந்தார். அங்கே ரூஸ் என்ற வடநாட்டு வணிகர்கள் நதியில் படகுகளோடு வந்திறங்குவதைக் கண்டார். மனித முகம் செதுக்கிய ஒரு மரக் கம்பத்தின் முன் ரொட்டியும் இறைச்சியும் வெங்காயமும் வைத்து, தீனாரும் திர்ஹமும் நிறைய வைத்திருக்கும் வியாபாரியை அனுப்பு என்று அவர்கள் வேண்டிக்கொண்டார்களாம். ஒருவரிடம் பத்தாயிரம் திர்ஹம் சேர்ந்தால் மனைவி கழுத்தில் ஒரு வளையம், இருபதாயிரம் சேர்ந்தால் இரண்டு. பல்கார்களிடம் ஒரு மார்ட்டன் தோலின் விலை இரண்டரைத் திர்ஹம் என்று அதே காலத்தைச் சேர்ந்த இப்னு ருஸ்தா எழுதுகிறார்.

ரோமத்தோல், தேன், மெழுகு, வாள், வேட்டைப் பருந்து எல்லாம் அந்தச் சந்தையில் இருந்தன. மனிதர்களும் இருந்தார்கள். ஸ்லாவிய ஊர்களில் பிடிபட்ட ஆண்களும் பெண்களும் ரூஸ் படகுகளில் வந்து வெள்ளிக்கு விற்கப்பட்டார்கள். இப்னு ஃபள்லான் அந்த அடிமைப் பெண்களைக் கண்ணால் கண்டு எழுதியிருக்கிறார். துருக்கிய அடிமைகள் ஆமூ நதியைக் கடக்கச் சாமானிய அரசு அனுமதிச்சீட்டு வழங்கிப் பணம் வசூலித்தது. வணங்கத்தக்கவன் ஒருவனே என்று பொறித்த வெள்ளி மனிதரை விலைக்கு வாங்கப் பயன்பட்டது. அடிமையை விடுவிப்பது பெரும் புண்ணியம் என்று சொன்ன மார்க்கத்தின் பெயரால் ஆண்டவர்கள் இந்த வணிகத்தில் கொழித்தார்கள். திர்ஹத்தின் புகழைச் சொல்கிறவர்கள் இதையும் சேர்த்துச் சொல்லத்தான் வேண்டும்.

வோல்காவிலிருந்து ஆறு ஆறாக மாறி, பால்டிக் கடலைத் தாண்டி, வெள்ளி ஸ்வீடனில் இறங்கியது. இதுவரை அந்நாட்டு மண்ணில் கிடைத்த திர்ஹம்கள் 80,000க்கு மேல். அங்கே யாருக்கும் கூஃபி எழுத்து படிக்கத் தெரியாது. அவர்களுக்கு எடைதான் கணக்கு. கத்தி முனையால் குத்திப் பார்ப்பார்கள், வளைத்துப் பார்ப்பார்கள், சில்லறை வேண்டுமானால் காசையே துண்டாக வெட்டித் தராசில் போடுவார்கள். அந்தக் குத்துத் தழும்புகள் இன்றும் வரிகளுக்கு நடுவே தெரிகின்றன. சில காசுகளில் தோர் என்ற கடவுளின் சுத்தியலைக் கீறி வைத்தார்கள். சிலவற்றில் வளையம் பொருத்திப் பெண்கள் கழுத்தில் கோத்துக்கொண்டார்கள். பெருவாரியான காசுகள் உருக்கப்பட்டுக் கைவளைகளாயின.

ஸ்வீடனைச் சேர்ந்த கோட்லாந்து தீவில் ஸ்பில்லிங்ஸ் என்ற பண்ணை நிலத்தில் 1999 ஜூலையில் கிடைத்தது வைகிங் காலத்து மிகப் பெரிய வெள்ளிப் புதையல். 67 கிலோ வெள்ளி, அதில் 14,295 காசுகள். ஏறக்குறைய எல்லாமே இஸ்லாமிய நாடுகளில் அடித்தவை. கடைசிக் காசின் ஆண்டு 870-71. அந்தக் குவியலில், காஸ்பியன் கடலுக்கு வடக்கே இருந்த கஸார் நாட்டில் 837-38 வாக்கில் அடித்ததாக ஆய்வாளர்கள் சொல்லும் போலித் திர்ஹமும் இருந்தது. அதில் வழக்கமான வாசகத்துக்குப் பதில், மூஸா (மோசே) இறைவனின் தூதர் என்று எழுதியிருக்கிறது. கஸார் ஆட்சியாளர்கள் யூத மதத்தைத் தழுவியவர்கள். மூஸாவை இஸ்லாமும் நபியாக ஏற்பதால் எந்த முஸ்லிம் வணிகரும் அந்த வாசகத்தைக் குறைசொல்ல முடியாது. தம் நம்பிக்கையையும் விடாமல், செல்லுபடியாகும் காசின் உருவத்தையும் விடாமல் அடித்த அந்த ஒரு காசு எனக்கு ஒரு புத்தகத்துக்குச் சமம்.

இங்கிலாந்துக்கும் திர்ஹம் போனது. 2007இல் யார்க்‌ஷயரில் ஹாரோகேட் அருகே 617 காசுகளோடு ஒரு புதையல் அகப்பட்டது. 927-28 வாக்கில் புதைத்தது. அதில் சமர்கந்தில் அடித்த திர்ஹமும் இருந்தது. இதற்கெல்லாம் முன்பே ஹிஜ்ரி 157ஆம் ஆண்டின் தீனாரைப் பார்த்து மெர்சியா மன்னர் ஆஃபா பொற்காசு அடித்திருந்தார். அரபி வரிகளுக்கு நடுவே அவர் பெயர் தலைகீழாக நிற்கும். அது பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

பத்தாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் சாமானியக் காசில் வெள்ளியின் மாற்று குறைந்தது. 999இல் புகாரா கராகானிகள் கைக்குப் போயிற்று. வடக்கே போன வெள்ளி வற்றியது, ஸ்காண்டிநேவியா ஜெர்மன் வெள்ளிக்கு மாறிக்கொண்டது.

ஸ்பில்லிங்ஸ் புதையல் கிடைத்த கதையைச் சொல்லாமல் விடக்கூடாது. கோட்லாந்தில் உலோகம் கண்டறியும் கருவியோடு வந்து இரவில் தோண்டித் திருடும் கூட்டத்தைப் பற்றிப் படமெடுக்க ஒரு தொலைக்காட்சிக் குழு வந்தது. முன்பே சில காசுகள் கிடைத்திருந்த அந்த வயலில் தொல்லியலாளர்கள் அவர்களோடு நின்றார்கள். படப்பிடிப்பு முடிந்த பிறகும் தேடியவர்களுக்குத்தான் புதையல் கிட்டியது. முறையாகத் தோண்டியதால் அது ஒரு கட்டடத்தின் தரைக்கடியில் புதைக்கப்பட்டது என்பதுவரை தெரிந்தது. தன் ஊரையும் ஆண்டையும் திர்ஹம் தானே சொல்லிவிடும். அது எந்தக் கைகள் வழியாக எங்கே வந்து சேர்ந்தது என்பதை மண்தான் சொல்ல வேண்டும். தோண்டி எடுத்துத் தட்டார் கடையில் உருக்கிவிட்டால் இரண்டும் போயிற்று. நம் ஊர் வயல்களிலும் வீட்டுக் கடைக்கால் தோண்டும்போதும் பழங்காசுக் கலயங்கள் கிடைத்துக்கொண்டுதான் இருக்கின்றன. 1878ஆம் ஆண்டின் புதையல் சட்டப்படி கலெக்டரிடம் தெரிவிக்க வேண்டும். அப்படி ஒன்று உங்கள் கையில் வந்தால் கழுவாதீர்கள், பிரித்துக்கொள்ளாதீர்கள். கிடைத்த இடத்தை அப்படியே விட்டுவிட்டு முதலில் தகவல் கொடுங்கள்.