கட்டிலாக மாறிய விருந்து



கடும் சுகவீனமுள்ள பிள்ளைகளுக்காக நிதி சேர்க்கும் விருந்துகள் நம் லண்டனில் அடிக்கடி நடக்கின்றன. சிலவற்றுக்கு எல்லாரும் கௌபாய் தொப்பியும் தோல் பூட்ஸுமாகப் போக வேண்டும். வைக்கோல் கட்டுகள், வரிசை நடனம், ஏலம் என்று மண்டபமே அமெரிக்க மேற்குப் பகுதியாக மாறிவிடும். வார்டில் பகலெல்லாம் நின்றுவிட்டு வந்து அந்த அழைப்பிதழைப் பிரிக்கும்போது, நர்ஸுகளாகிய எங்களுக்கு மனம் சங்கடப்படும். பிள்ளை கட்டிலில் கிடக்க, நமக்கு என்ன கொண்டாட்டம்? தொப்பிக்குச் செலவழிக்கும் காசை நேரே கொடுத்தால் ஆகாதா?

இதற்கு நம் நகரத்தின் சரித்திரத்திலேயே ஒரு பதில் இருக்கிறது.

1843-இல் லண்டன் மருத்துவமனைகளில் ஒரு கணக்கெடுத்தார்கள். சுமார் 2,400 நோயாளிகளில் பத்து வயதுக்கு உட்பட்டவர்கள் 26 பேர் மட்டுமே. மற்றப் பிள்ளைகள் சுகமாக இருந்தார்கள் என்று அர்த்தமல்ல. ஏழைப் பிள்ளைகள் வீட்டிலேயே கிடந்து மரித்தார்கள். பாரிஸில் 1802 முதலே பிள்ளைகளுக்கென்று ஒரு மருத்துவமனை இருந்தது. இங்கும் அப்படி ஒன்று வேண்டும் என்று பல ஆண்டுகள் பாடுபட்டவர் டாக்டர் சார்லஸ் வெஸ்ட். 1852 பிப்ரவரி 14 அன்று, கிரேட் ஆர்மண்ட் ஸ்ட்ரீட்டில் ஒரு பழைய மாளிகையில், பத்தே கட்டில்களோடு அது திறக்கப்பட்டது. 1854-இல் நோயுற்ற பிள்ளைகளைப் பராமரிக்கும் விதம் பற்றி நர்ஸுகளுக்காகவே அவர் ஒரு சிறு புத்தகமும் எழுதினார்.

அரசாங்க உதவி இல்லாத காலம் அது. நன்கொடையை நம்பித்தான் எல்லாம். பிள்ளைகள் வரவர இடமும் பணமும் போதவில்லை. ஆகவே 1858 பிப்ரவரி 9 அன்று ஃப்ரீமேசன்ஸ் மண்டபத்தில் ஒரு விருந்து வைத்தார்கள். சுமார் 150 கனவான்கள் சாப்பிட உட்கார்ந்தார்கள். தலைமை வகித்தவர் எழுத்தாளர் சார்லஸ் டிக்கன்ஸ்.

அவர் விருந்தினரைப் புகழ்ந்து நேரத்தைக் கழிக்கவில்லை. எடின்பரோவின் ஏழைத் தெரு ஒன்றில் ஒரு டாக்டரோடு போனபோது தாம் பார்த்த ஒரு பிள்ளையைப் பற்றிப் பேசினார். கடையில் கேட்டு வாங்கிய பழைய முட்டைப் பெட்டிதான் அதற்குப் படுக்கை. மெலிந்துபோன அந்தப் பிள்ளை அழுவதும் முறையிடுவதும் அரிதாம். தனக்கு ஏன் இப்படி என்று யோசிப்பதுபோலப் பார்த்துக்கொண்டே கிடந்ததாம். நன்றாகச் சாப்பிட்டு முடித்தவர்களின் நடுவே அந்தப் பெட்டியைக் கொண்டுவந்து வைத்ததுபோல இருந்தது அவர் பேச்சு. அன்று இரவே சுமார் 3,000 பவுண் சேர்ந்தது. ஏப்ரலில் தம் கிறிஸ்துமஸ் கதையை மேடையில் வாசித்து இன்னும் பணம் சேர்த்துக் கொடுத்தார். பக்கத்து வீட்டையும் வாங்கினார்கள். கட்டில்கள் 75 ஆயின.

இதே மருத்துவமனைக்கு வேறு விதமாகக் கொடுத்தவரும் உண்டு. பீட்டர் பானை எழுதிய ஜே. எம். பேரியை 1929-இல் ஒரு நிதிக் குழுவில் சேர அழைத்தார்கள். அவர் சேரவில்லை. பதிலாக, அந்த நாடகத்தின் உரிமையையே மருத்துவமனைக்கு எழுதிக் கொடுத்தார். அதனால் எவ்வளவு பணம் வருகிறது என்பதை வெளியிடக் கூடாது என்றும் கேட்டுக்கொண்டார். வலது கை செய்ததை இடது கைக்குச் சொல்லாத கொடை அது.

1948 முதல் சிகிச்சைச் செலவை என்.எச்.எஸ். ஏற்றுக்கொள்கிறது. ஆனாலும் ஆராய்ச்சிக்கும், புதிய கருவிகளுக்கும், பெற்றோர் பிள்ளையின் அருகே தங்கும் அறைகளுக்கும் இன்றும் நன்கொடை உதவுகிறது. இரவு இரண்டு மணிக்கு நாற்காலியில் தூங்கி விழும் தாயைப் பார்த்த எங்களுக்கு, அந்த ஓர் அறையின் அருமை தெரியும்.

எங்கள் தவறையும் சொல்லிவிடுகிறோம். முன்பு ஒருமுறை அப்படிப்பட்ட விருந்துக்குப் போய்வந்து, வாரக்கணக்கில் சாப்பாட்டையும் உடையையும் பற்றியே பேசிக்கொண்டிருந்தோம். அந்தப் பணம் என்ன ஆயிற்று என்று எங்களில் ஒருவரும் கேட்கவில்லை.

ஆகவே வாலிபரே, அழைப்பு வந்தால் போங்கள். தொப்பியும் போட்டுக்கொள்ளுங்கள்; வீட்டில் இருப்பவரிடம் இரவல் வாங்கினால் இன்னும் நல்லது. ஆனால் இரண்டு காரியங்களைக் கேளுங்கள். அந்தப் பிள்ளைகளைப் பற்றி மேடையில் யாராவது பேசுவார்களா? பணம் எந்தக் கட்டிலுக்கு, எந்த அறைக்குப் போகிறது? நம் சபையில் விருந்து வைத்தாலும் இதே கேள்விகளைக் கேட்போம். சிறு பிள்ளையைக் கூப்பிட்டு நடுவில் நிறுத்தினவர் நம் ஆண்டவர். நம் விருந்திலும் நடு இடம் அந்தப் பிள்ளைக்கே இருக்கட்டும்.